வெண்கலத்துக்கு ஊதிய சங்கு

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முகத்துக்கு நேரே 'சார்'. முதுகுக்குப் பின்னால் 'சங்கு'. ஒருவர் கதை முடிந்தால் சங்கு ஊதியாச்சு என்பார்களே, அந்தச் சங்கு. எந்தப் பாடகர் கண்ணை மூடினாலும் ஊரறிய முதலில் ஊதுவது அவர்தான்.

வயது ஐம்பத்தெட்டு. பாட்டு கம்பெனியில் முப்பத்தொரு வருஷ வேலை. மூன்றாவது மாடியில், லிஃப்டுக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓர் இரும்பு அலமாரி. அந்த அலமாரிக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் வெயிட்டிங் லிஸ்ட்.

எழுபதைத் தாண்டிய ஒவ்வொரு பாடகருக்கும் அதில் ஒரு சிவப்புக் கோப்பு உண்டு. எழுபது ஆகவில்லை, ஆனால் குடிப்பார் என்றால் மஞ்சள் கோப்பு. ஒவ்வொன்றிலும் பொறுக்கி எடுத்த நாற்பது பாட்டு, கறுப்பு வெள்ளையாக மாற்றிய ஒரு படம், சக கலைஞர்கள் ஏழு பேர் பேசிய இரங்கல் உரை எல்லாம் தயாராக இருக்கும். ஆள் போன முதல் ஒரு மணி நேரத்தில்தான் உலகமே அந்தக் குரலைத் தேடும். அப்போது யாருடைய அஞ்சலித் தொகுப்பு முதலில் வந்து நிற்கிறதோ அதைத்தான் கேட்கும். இரண்டாவதாக வருபவர் வாயைத் துடைத்துக்கொண்டு போகவேண்டியதுதான். சங்கு ஒருமுறைகூட இரண்டாவதாக வந்ததில்லை.

இரங்கல் உரையை முன்கூட்டியே வாங்குவது லேசான காரியமல்ல. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். வாழ்நாள் சாதனை விருதுக்குப் படம் எடுக்கிறோம் என்று சொல்லிச் சக கலைஞரைக் கேமரா முன்னால் உட்கார வைப்பார். அவர் அந்தப் பாடகரை மனசார நாலு வார்த்தை புகழ்ந்து முடித்ததும், "ரொம்ப நல்லா இருந்துச்சு சார். ஒரு பாதுகாப்புக்கு, இதையே 'பாடினார்', 'வாழ்ந்தார்'னு இன்னொரு தடவை சொல்லிடுங்க" என்பார். எதற்கு என்று பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள். கேமராவைக் கண்டால் கலைஞர்கள் எதையும் இரண்டு தடவை சொல்வார்கள்.

சாவுச் செய்தியை உறுதி செய்யவும் அவருக்கு ஒரு விதி இருந்தது. டாக்டர் மழுப்புவார், குடும்பம் மறைக்கும், மலர்வளையக் கடைக்காரர் மட்டும் பொய் சொல்லமாட்டார். நகரத்தில் அப்படி நாலு கடை. நாலும் அவர் கைக்குள். "மனுஷன் போன விஷயம் எமனுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியுது. ஒருநாள் அவரே ஃபோன் பண்ணிக் கேக்கப்போறாரு" என்பார் அவர் மனைவி. சங்கு அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு இரண்டாம் கடைக்காரர் கூப்பிட்டார்.

"சார், வெண்கலத்தம்மா வீட்டு வாசலுக்குப் பெரிய வளையம் ஒண்ணு போகுது. வண்டி கிளம்பிடுச்சு."

வெண்கலம் என்றால் வேறு யாரும் இல்லை. ஒரு காலத்தில் மைக் இல்லாமலே மண்டபத்தின் கடைசி வரிசையை எழுப்பிய குரல். மணி அடித்தமாதிரி இருக்கும் என்பதால் வெண்கலம். எழுபத்தாறு வயது. இருபத்து மூன்று வருஷமாக ஒரு பாட்டும் பாடவில்லை. சங்கு உடனே ஓர் ஆளை அந்தத் தெருவுக்கு விரட்டினார். வாசலில் கூட்டம், செருப்புக் குவியல், அழுகை எல்லாம் சேர்ந்து பத்தே நிமிஷத்தில் வீடியோவாக வந்து சேர்ந்தது. ஒன்பதே முக்காலுக்குச் சிவப்புக் கோப்பைத் திறந்து ஊதிவிட்டார்.

பத்தரைக்குள் லட்சக்கணக்கில் கேட்டுவிட்டார்கள். சின்ன முதலாளி மூன்றாவது மாடிக்குத் தானே இறங்கி வந்து முதுகில் தட்டினார். அவருடைய அப்பா காலத்தில்கூட அந்த முதுகில் யாரும் தட்டியதில்லை. வழக்கப்படி வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டாயிரம் பேர் உட்காரும் மண்டபத்தில் இரங்கல் கூட்டம் என்றும் அறிவித்தாயிற்று.

பன்னிரண்டு மணிக்கு மேசை ஃபோன் அடித்தது.

"சங்குதானே பேசறது?"

முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டவர் இதுவரை யாரும் இல்லை. "யாரும்மா நீங்க?"

"காலைல நீ சாகடிச்சியே தம்பி, அவதான்."

சங்கு மேசைமேல் திறந்து கிடந்த சிவப்புக் கோப்பை மூடினார்.

"செத்தது கீழ்வீட்டுக்காரர். வீட்டு ஓனர். நான் மாடியில பல்லு தேய்ச்சிட்டு இருந்தேன். என் மருமகன் அழுதுக்கிட்டே ஓடி வந்தான். நான் உசிரோட நிக்கறதப் பார்த்துட்டு இன்னும் பலமா அழுதான். அது எதுக்குன்னுதான் எனக்கு இன்னும் விளங்கல. சரி, சாயந்திரம் வீட்டுக்கு வா."

அதற்குள் விஷயம் வெளியே கசிந்துவிட்டது. முதுகில் தட்டிய சின்ன முதலாளி மறுபடி வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

"முப்பது வருஷமா ஒரு தப்பு இல்லேன்னீங்க. இப்ப உலகமே சிரிக்குது. அந்தம்மா கேஸ் போட்டா கம்பெனியே காலி. திங்கக்கிழமைக்குள்ள இதைச் சரி பண்ணுங்க. இல்லேன்னா உங்க ஃபோட்டோவ நானே கறுப்பு வெள்ளையா மாத்திடுவேன்."

சாயங்காலம் சங்கு அந்த வீட்டுக்குப் போனபோது, கேட்டில் சாய்த்து வைத்திருந்த மலர்வளையம் வாடத் தொடங்கியிருந்தது. செங்குத்தான மாடிப்படி. மேலே ஒரே கூடம். சுவரில் ஒரு படம்கூட இல்லை. பரிசு, பதக்கம், சால்வை என்று பழைய பாடகர்கள் வீட்டில் இருக்கும் எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு நாற்காலி, ஒரு சுருதிப்பெட்டி, மேசைமேல் பேத்தியின் லேப்டாப். அதில் அவர் தயாரித்த இரங்கல் உரைகள் ஓடிக்கொண்டிருந்தன. வெண்கலம் கால்மேல் கால் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உக்காரு. மூணாவது தடவை கேக்கறேன். நல்லா பண்ணியிருக்க."

"அம்மா, என்னை மன்னிச்சு..."

"இரு. இந்தப் புல்லாங்குழல்காரன் என்னைத் தாய் மாதிரிங்கறான். என்னைவிட ஆறு வயசு பெரியவன். இவ பேசறா பாரு, ஏழிசை அரசின்னு. இவ உசிரோட இருந்தவரைக்கும் என்னை நல்லா இருக்கியான்னு கேட்டதில்ல." லேப்டாப்பை நிறுத்தினார். "ஏழு பேர் பேசறாங்க. அதுல நாலு பேர் செத்துப் போயாச்சு. செத்தவங்க நாலு பேர் உக்காந்து எனக்காக அழறாங்க. இந்தக் கொடுப்பினை யாருக்குக் கிடைக்கும் சொல்லு."

அவர் கேலி செய்கிறாரா, கோபப்படுகிறாரா என்று சங்குவால் கண்டுபிடிக்க முடியவில்லை. வந்த காரியத்தை எடுத்தார். மன்னித்துவிட்டேன் என்று கேமரா முன்னால் ஒரு வார்த்தை.

"ஞாயித்துக்கிழமை எனக்கு இரங்கல் கூட்டமாமே."

"ரத்து பண்ணிடறோம்மா."

"ரத்து பண்ணாத. மண்டபம் பிடிச்சது பிடிச்சதா இருக்கட்டும். நான் வந்து பாடறேன். பாடி முடிச்சதும் அங்கேயே மன்னிக்கறேன்."

சங்கு வாயைத் திறந்தார். சொல்ல வந்தது என்ன என்று அவருக்கே தெரியும். வெண்கலத்துக்கும் தெரிந்திருந்தது.

"குரல் போயிடுச்சுன்னு இன்னொரு தடவை சொல்லாத தம்பி. ஒரு தடவை சொன்னது போதும்."

இறங்கும்போது மாடிப்படி ஏறியதைவிடச் செங்குத்தாகத் தெரிந்தது.

ஒரு தடவை சொன்னது இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால். அப்போது அவர் ஒலிப்பதிவுக் கூடத்தின் நிர்வாகி. பெரிய முதலாளிக்கு வெண்கலத்தைக் கழற்றிவிட வேண்டியிருந்தது. புதிதாக ஒரு பெண்ணைக் கொண்டுவர ஆசை. ஒப்பந்தமோ இன்னும் ஐந்து வருஷம் பாக்கி. பாட முடியவில்லை என்று அவரே விலகினால்தான் உண்டு. "பாத்துப் பண்ணு" என்றார் பெரிய முதலாளி. அவ்வளவுதான் சொன்னார்.

சங்கு பார்த்துப் பண்ணினார். பாட்டின் சுருதியை ஏணிப்படி மாதிரிக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். வெண்கலம் பாடுவது எப்போதும் ஐந்தரைக் கட்டை. அன்றைக்கு அவருடைய பழைய பாட்டு ஒன்றுக்கு மறுபதிவு. கீபோர்டுக்காரரின் காதில் சங்கு ஏதோ சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பொத்தானை மூன்று தடவை அழுத்தினார். வாத்தியம் ஏழாம் கட்டைக்கு ஏறிவிட்டது. மற்றவர்களும் அதன் பின்னாலேயே ஏறினார்கள். மூன்றாவது சரணத்தில் 'இன்னும்' என்ற ஒரு சொல்லை உச்சியில் கொண்டுபோய்ப் பத்து விநாடி நிறுத்தவேண்டும். வெண்கலம் மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் குரல் கீறியது. சங்கு அந்தக் கீறலைத் திரும்பப் போட்டுக் காட்டி, "குரல் ஓய்வு கேக்குது போலம்மா" என்றார். வெண்கலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார். அடுத்த மாதம் சங்குவுக்கு மூன்றாவது மாடி கிடைத்தது.

இந்த இருபத்து மூன்று வருஷத்தில் அதற்காக அவர் தூக்கம் கெட்டதில்லை. இப்போதும் கெட்டது வேறு கவலையில். ஞாயிற்றுக்கிழமை அந்தம்மாவின் குரல் இரண்டாயிரம் பேர் முன்னால் கீறினால், உயிரோடு இருந்தவரைச் சாகடித்தது போதாதென்று மேடையேற்றி மானத்தையும் வாங்கினார்கள் என்று பேசுவார்கள். பிறகு மன்னிப்பும் இல்லை, மூன்றாவது மாடியும் இல்லை.

சனிக்கிழமை ஒத்திகை. வாத்தியக்காரர்களை வெண்கலமே தேர்ந்தெடுத்திருந்தார். கீபோர்டில் உட்கார்ந்திருந்தவரைச் சங்குவுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு பொத்தானை அழுத்தியவரேதான். தலை முழுக்க நரைத்துவிட்டது. சங்குவைப் பார்த்து ஒரு தரம் தலையாட்டினார், அவ்வளவே. அதே பாட்டு, அதே ஐந்தரைக் கட்டை. வெண்கலம் பாதிக் குரலில்தான் பாடினார். மூன்றாவது சரணத்தில் 'இன்னும்' வந்தது. பழைய இடத்திலேயே கீறியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. வெண்கலம் தண்ணீர் குடித்துவிட்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிட்டார்.

சங்கு நேராக ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருந்தவர் அவர் மனைவியின் தம்பி. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே சங்குதான்.

"மச்சான், பழைய ரிக்கார்டுல இதே பாட்டு இருக்கில்ல? ஐந்தரைக் கட்டையில அந்தம்மா பாடினது."

"இருக்கு மாமா. குரலை மட்டும் தனியாப் பிரிச்சே வச்சிருக்கோம்."

"நாளைக்கு அதைத் தயாரா வை. 'இன்னும்' வர்றதுக்கு ஒரு வரி முன்னாடி மேடை மைக்கை அடைச்சிட்டு அதை விடு. நான் பக்கத்துலயே நிக்கறேன். கைய அசைச்சா விடு."

"மாமா, அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்ன? பழைய குரலானாலும் அவங்க குரல்தானே. அடுத்தவன் வீட்டுலயா திருடறோம்?"

மச்சான், "அக்கா எப்படி உங்ககூட குடும்பம் நடத்துதோ" என்று சொல்லிவிட்டுக் கம்பிகளைச் செருகத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே மண்டபம் நிரம்பிவிட்டது. இரண்டாயிரம் இருக்கைக்கு மூவாயிரம் பேர். பாட்டுக் கேட்க வந்தவர்கள் பாதி, செத்தவர் பாடுவதைப் பார்க்க வந்தவர்கள் பாதி. இரங்கல் கூட்டத்துக்கென்று அச்சடித்த பேனரை மாற்ற நேரமில்லாததால், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கீழே இருந்த 'ஆழ்ந்த இரங்கல்' என்ற சொற்கள்மேல் ஒரு துணியைக் கட்டியிருந்தார்கள். துணி சின்னது. காற்றடித்தபோதெல்லாம் ஆழ்ந்த எட்டிப் பார்த்தது.

வெண்கலம் மேடைக்கு வந்தார். சாதாரணப் பருத்திப் புடவை, கண்ணாடி, கையில் தண்ணீர் பாட்டில். பின்னால் தொங்கிய தன் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"உக்காருங்க எல்லாரும். நான்தான் செத்துப்போனவ."

மண்டபம் ஒரு நொடி திகைத்தது. பிறகு சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முதல் வரிசையில் சின்ன முதலாளி, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

வெண்கலம் கீபோர்டுக்காரரின் பக்கம் திரும்பினார். ஒரு கையை உயர்த்தி நாலு விரலைக் காட்டினார். கீபோர்டுக்காரர் இந்த முறை தலையைக் குனியவில்லை. நேராகச் சங்கு நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டே பொத்தானை மூன்று தடவை அழுத்தினார்.

சங்குவுக்கு அது உடனே விளங்கவில்லை. மச்சானுக்கு விளங்கியது.

"மாமா, நாலு கட்டைக்கு இறக்கிட்டாங்க."

"இறக்கினா இறக்கட்டும்."

"நம்ம கையில இருக்கறது ஐந்தரை. இப்ப விட்டா வாத்தியம் ஒரு பக்கம் போகும், குரல் ஒரு பக்கம் போகும். வெண்கலக் கடையில யானை பூந்த மாதிரி இருக்கும். பச்சக் குழந்தைகூடக் கண்டுபிடிச்சிடும்."

"மாத்த முடியாதா?"

"ஓடற பாட்டுலயா? நான் என்ன மந்திரவாதியா?" மச்சான் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. "ஒண்ணும் பண்ணமுடியாது மாமா. சும்மா கேளுங்க."

முப்பத்தொரு வருஷத்தில் சங்கு ஒரு பாட்டைச் சும்மா கேட்டதே இல்லை. எந்த இடத்தை வெட்டலாம், எதை அஞ்சலியில் சேர்க்கலாம் என்றுதான் அவர் காது வேலை செய்யும். இப்போது வெட்ட ஒன்றும் இல்லை. கையை எங்கே வைப்பதென்று அவருக்கும் தெரியவில்லை.

குரல் பழைய வெண்கலம் இல்லை. மணி ஓசை போய்விட்டிருந்தது. அதற்குப் பதிலாக, பெரிய அண்டாவைத் தரையில் வைத்து உள்ளங்கையால் தட்டினால் வருமே, அப்படி அடியிலிருந்து ஒரு கார்வை. பாட்டு ஒன்றரைக் கட்டை இறங்கியதில் ஆளே மாறிப்போயிருந்தது. அன்றைக்கு இருபது வயதுப் பெண் கெஞ்சுவதுபோல் இருந்த வரிகளை இப்போது எல்லாம் தெரிந்த ஒருத்தி நிதானமாகச் சொன்னாள். முதல் சரணம் முடிந்தபோது கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தாழ்த்தினார்கள். சங்குவுக்குக் கூட்டம் தெரியும். கூட்டம் படம் பிடிப்பதை நிறுத்தி அவர் பார்த்ததில்லை.

மூன்றாவது சரணம். 'இன்னும்' வந்தது.

மேலே போனது. கீறும் இடத்தைத் தொட்டது. தாண்டியது. பத்து விநாடி என்பது கணக்கு. சங்கு மனதுக்குள் எண்ணினார். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. வெண்கலம் கண்ணை மூடவில்லை, கழுத்து நரம்பு புடைக்கவில்லை. வீட்டு வாசலில் நின்று வெளியே போனவரைக் கூப்பிடுவதுபோல் சாவகாசமாக நிறுத்தி, தானாக விரும்பிக் கீழே இறக்கினார்.

மூவாயிரம் பேரும் எழுந்துவிட்டார்கள். காற்றில்லாமலே துணி அவிழ்ந்து விழுந்தது. ஆழ்ந்த என்ற சொல்லை யாரும் கவனிக்கவில்லை. சின்ன முதலாளி திரும்பிப் பார்த்துச் சங்குவை நோக்கி இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினார். மச்சான் மேசைக்குக் கீழே குனிந்து எதையோ தேடுவதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெண்கலம் அதன்பின் இன்னும் பதினொரு பாட்டுப் பாடினார். எல்லாம் நாலு கட்டையில். கடைசியில் மைக்கைப் பிடித்து, "என்னைச் சாகடிச்சவரை மன்னிச்சாச்சு. கேஸ் இல்ல" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் பத்திரிகைக்காரர்கள் சங்குவை மொய்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கூச்சமே இல்லாமல், "இதெல்லாம் முதல்லேருந்தே திட்டம்தான். இப்படி ஒரு குரலுக்கு இப்படி ஒரு அறிவிப்புத் தேவைப்பட்டது" என்றார். சின்ன முதலாளி பக்கத்தில் வந்து நின்று ஆமோதித்தார். மூன்றாவது மாடி தப்பித்தது. இந்தத் தடவை ஜன்னல் உள்ள அறையாகக் கேட்கலாமா என்றுகூட அவர் யோசித்தார்.

ஒப்பனை அறையில் வெண்கலம் செருப்பைக் கழற்றிக் கால்விரலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். கீபோர்டுக்காரர் மூலையில் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமாம்மா?" என்றார் சங்கு.

"ஏழு கட்டைன்னா? முதல் தட்டுலயே தெரியும். காது என்ன வெளியிலயா தொங்குது, உள்ளேயில்ல இருக்கு."

"அப்ப ஏன் நீங்க ஒண்ணும் கேக்கல?"

"திமிரு. ஏழு கட்டைதானே, இவன் என்ன என்னைச் சோதிக்கறான், பாடிக் காட்டறேன்னு பாடினேன். இறக்குங்கடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சொல்ல வாய் வரல. அப்புறம் வீட்டுல உக்காந்து இருபத்து மூணு வருஷம் தினமும் பாடினேன். ஒவ்வொரு வருஷமா இறக்கிப் பார்த்தேன். நாலுல வந்து உக்காந்துச்சு. உன்னை மன்னிச்சேன்னு சொன்னது சும்மா கூட்டத்துக்கு. பெருசா சந்தோஷப்பட்டுக்காத."

"நேத்து ஒத்திகையில கீறிச்சே."

வெண்கலம் கீபோர்டுக்காரரைப் பார்த்தார். அவர் உறையின் ஜிப்பை இழுத்தார். தோள் இரண்டும் சிரிப்பில் குலுங்கின.

"கீறலேன்னா நீ அந்தப் பழைய ரிக்கார்டை எடுத்துத் தயாரா வச்சிருப்பியா? ஐந்தரையிலதான் பாடப்போறேன்னு நீ நம்பணுமில்ல" என்றார் வெண்கலம். "நாலுன்னு தெரிஞ்சிருந்தா அதுக்கும் ஏதாவது தயார் பண்ணியிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா."

சங்கு நாற்காலியில் உட்கார்ந்தார். ஏமாற்றப்பட்டவர்களின் முகத்தை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். எதிரே இருந்த கண்ணாடியில் இப்போது தெரிந்ததும் அதே முகம்தான். கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

"அந்தச் சிவப்புக் கோப்பை நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடு. அது பழைய குரல், வேண்டாம். நாலு கட்டையில நாற்பது பாட்டு புதுசா எடுக்கறோம். அந்த ஏழு பேரும் வேண்டாம், எனக்கு நானே பேசிக்கறேன்."

"சரிம்மா."

"அப்புறம் தம்பி." அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். வெளியே கூட்டம் இன்னும் கலையவில்லை. அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. "அடுத்த வருஷமும் ஒரு தடவை சாகடிச்சிடு. நல்ல கூட்டம் வருது."

சங்கு சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டார்.